எண்பத்தெட்டாம் படிவத்தின் ஓரம்

1

"ஒரே நாள்ல எல்லாம் யாருக்கும் தலை சுத்தலை."

"தெரியும்க்கா. கதைக்காகச் சும்மா..."

"சும்மாவா? பதினெட்டு மாசம் வெயில்ல அலைஞ்சிருக்கேன், சும்மாவாம். நூத்துக்கு முப்பத்தொரு பேருக்குன்னு எழுது."

"'அந்த ஊரில் நூற்றுக்கு முப்பத்தொரு பேருக்குத் தலை சுற்றத் தொடங்கியது.' இதை யாருக்கா படிப்பாங்க?"

"'தொடங்கியது'ன்னும் போடாதே. எப்ப தொடங்கிச்சுன்னு நமக்குத் தெரியாது. 'தலைசுற்றல் இருப்பதாகத் தெரிவித்தனர்.' அவ்வளவுதான் சொல்ல முடியும்."

இந்தக் கதையின் முதல் வாக்கியம் இப்படித்தான் அக்கா கையால் மாண்டது. நல்ல வாக்கியம் அது. "அந்த ஊரில் ஒரு செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் தலை சுற்றத் தொடங்கியது." எங்கோ தொலைதூர மொழியில் எழுதி, யாரோ கண்விழித்து மொழிபெயர்த்த நாவல்போல இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையில்தான் அதன் உயிரே இருந்தது. போயிற்று.

அக்கா யாரென்று சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு படிக்கிற டாக்டர். எல்லையோரத்து மக்களுக்கு என்ன நோய், என்ன தேவை என்று கண்டறிவது அவள் ஆய்வு. எதிரே உட்கார்ந்து முதல் வாக்கியத்தைப் பறிகொடுத்தவள் தங்கை. கதையை எழுதுவதும் அவள்தான். அதாவது நான்தான். ஆனால் அக்கா அதற்கும் ஒரு சட்டம் போட்டுவிட்டாள்: "ஆய்வுல 'நான்'ங்கிற வார்த்தையே வரக்கூடாது." இது ஆய்வு இல்லை, கதை என்று சொல்லிப் பார்த்தேன். "என் ஆய்வைப் பத்தின கதைதானே?" என்றாள். ஆகவே இனிமேல் நான் கிடையாது, தங்கை மட்டும். எங்காவது கைதவறி 'நான்' வந்து விழுந்தால் வாசகர்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

கதை எப்படிப் பிறந்தது? சோம்பேறித்தனத்தில் பிறந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அக்காவிடம் இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நாற்பது கேள்வி. எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும். தங்கைக்குக் கல்லூரி விடுமுறை. கல்லூரி நூலகத்தின் கடைசி அலமாரியில், எலும்பியல் புத்தகங்களுக்குப் பின்னால், யாரோ கொடுத்துவிட்டுப் போன மொழிபெயர்ப்பு நாவல்கள் ஒரு வரிசை உண்டு. தினமும் இருபது படிவம் ஏற்றினால் அதிலிருந்து ஒரு நாவல் எடுத்துவந்து தருவதாக அக்கா ஆசைகாட்டினாள். தங்கையும் விழுந்தாள்.

ஏற்றுவதென்றால் பெரிய வேலையில்லை. ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. ஒன்று இரண்டு இரண்டு ஒன்று என்று விரல் தட்டிக்கொண்டே போக வேண்டும். முதல் நாள் இருபது முடிந்தது. இரண்டாம் நாள் ஏழில் நின்றுபோனது. ஏனென்றால் தங்கை ஓரங்களைப் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பியவர் அந்த ஊர் நர்ஸம்மா. முப்பது வருடமாக அங்கேயே ஊசி போடுகிறவர். கேள்விக்குப் பதிலைக் கட்டத்துக்குள் எழுதிவிடுவார். ஆனால் மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்க அவருக்கு மனம் வராது. மிச்சத்தை ஓரத்தில் எழுதுவார், பொடி எழுத்தில், படிவத்தைத் திருப்பித் திருப்பி.

படிவம் 12: நாய் குரைக்கும், கடிக்காது. மாமனார்தான் கடிப்பார்.

படிவம் 31: வயது அறுபது என்கிறார். முப்பது வருடத்துக்கு முன் நான் இந்த ஊருக்கு வந்தபோதும் அறுபது என்றுதான் சொன்னார்.

படிவம் 54: கண்ணில் குறை ஒன்றுமில்லை. மருமகள் மட்டும் தெரியமாட்டாள்.

"கட்டத்துக்குள்ள மட்டும் எழுதுங்கன்னு அவங்ககிட்ட பத்துத் தடவை சொல்லிட்டேன்," என்றாள் அக்கா. "ஓரத்தை எல்லாம் ஏத்தாதே. கணினியில அதுக்கு இடமே இல்லை."

[ஓரம்: இந்தக் கதையிலும் அதற்கு இடமில்லைதான். ஆனாலும் அங்கங்கே இப்படி ஒன்று வரும். நர்ஸம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது.]

3

ஊரைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும். தங்கை மூன்று எழுதினாள்.

முதல் பத்தி: "ஆற்றின் இரு கரையிலும் இரு ஊர்கள் கண்ணாடி பார்ப்பதுபோல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு—" விட்டாள். கண்ணாடி எல்லா நாவலிலும் வருகிறது.

இரண்டாம் பத்தி: "தொங்குபாலத்தின் நடுவில் ஒரு சாவடி. அதற்கு இந்தப் பக்கம் ஒரு அரசாங்கம், அந்தப் பக்கம் ஒரு அரசாங்கம், நடுவில் ஒரு காவலரும் அவருடைய மின்விசிறியும்." இது பிடித்தது. ஆனால் அந்த மின்விசிறி எந்த அரசாங்கத்தின் மின்சாரத்தில் சுற்றுகிறது என்று யோசிக்கத் தொடங்கி அரை நாள் போய்விட்டது.

மூன்றாவது பத்தியை அக்கா சொல்லச் சொல்ல எழுதினாள்: "இரு ஊருக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற பழக்கம் உண்டு. காலையில் பாலம் கடந்து வேலைக்குப் போய் மாலையில் திரும்புவார்கள். பேச்சு ஒன்று; எழுத்து வேறு, பள்ளிக்கூடம் வேறு, மருந்துக்கடை வேறு." சப்பென்று இருக்கிறது, ஆனால் இதுதான் நிஜம். கடைசி இரண்டு வார்த்தைகளை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தலைசுற்றல். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் அறுபத்தாறு பேருக்கு எழுந்தால் சுற்றுகிறது, நின்றால் சுற்றுகிறது, சிலர் விழுந்தும் இருக்கிறார்கள். அக்கா முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். முப்பது கிணற்றுத் தண்ணீரை முப்பது பாட்டிலில் பிடித்து, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து இருக்கைக்காரர் தாகம் தாங்காமல் பதினாலாம் கிணற்றைக் குடித்துவிட்டார். மிச்சம் இருபத்தொன்பதிலும் ஒரு குறையும் இல்லை. குடித்தவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தங்கை சொன்னாள். அக்கா முறைத்தாள்.

தங்கையின் கட்சி பாலம். "தினம் ரெண்டு தடவை ஆடுற பாலத்துல நடந்தா தரையில நிக்கும்போதும் ஆடத்தானே செய்யும்? ஊரே கப்பல்லேர்ந்து இறங்கின மாதிரி இருக்கும்க்கா." கப்பலிலிருந்து இறங்கியதுபோல் ஆடி ஆடி நடக்கும் ஓர் ஊர்! காய்கறி ஆடி ஆடிக் கூடைக்குள் விழும். காதலர்கள் முத்தமிட நினைத்துக் காதைக் கடித்துக்கொள்வார்கள். தபால்காரர் ஒரு கடிதத்தை ஒன்பது வீட்டில் போட்டுவிட்டு—

"பாலமே கடக்காதவங்கள்லயும் இருபது பேருக்குச் சுத்துது," என்றாள் அக்கா.

இப்படித்தான் ஒவ்வொன்றாக மாண்டது.

4

அக்காவுக்கு வழிகாட்டி ஒரு பேராசிரியை. மாணவர்கள் வைத்த பெயர் ஆதாரம் மேடம். "குட் மார்னிங் மேடம்" என்றால்கூட வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு காரணம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் 'காரணம் கண்டறியப்படவில்லை' என்று எழுதி முடித்துவிடு என்று அவர் சொல்லிவிட்டார். முடித்துவிட்டால் அடுத்த ஆய்வு அந்த ஊருக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை (நிஜமாகவே செவ்வாய்க்கிழமை, அக்காவே சாட்சி) தங்கை எண்பத்தெட்டாம் படிவத்தை எடுத்தாள்.

தையல்காரம்மா. வயது ஐம்பத்தெட்டு. பாலத்தடியில் கடை. கேள்வி 17: இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா? ஆம். கேள்வி 23: கடந்த ஆறு மாதத்தில் விழுந்தீர்களா? ஆம், இரண்டு முறை.

ஓரத்தில்: இரண்டாவது முறை கையில் கத்திரியோடு விழுந்தார். கத்திரி எதிர்ப்பக்கம் பார்த்திருந்ததால் பிழைத்தார். மூன்றாவது முறை அது எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று சொல்ல முடியாது.

அதற்கும் கீழே, படிவத்தைத் தலைகீழாகத் திருப்பினால்: காலையில் வெள்ளை ஒன்று, மகன் வாங்கித் தருவது. இரவில் ரோஸ் ஒன்று, பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து மகள் அனுப்புவது.

தங்கை படிவத்தை நேராக்கி வைத்தாள். பிறகு ஏற்றி முடித்த படிவங்களை எல்லாம் தரையில் பரப்பி ஓரம் ஓரமாக மேய்ந்தாள். வெள்ளை, ரோஸ். வெள்ளை, மஞ்சள். "இந்தப் பக்கத்து டாக்டர் கொடுத்தது, அந்தப் பக்கத்து டாக்டர் கொடுத்தது." பதினேழு படிவங்களில் இருந்தது.

"அக்கா! கேள்வி பதினேழுல 'ஆம்'னா எத்தனை மாத்திரை?"

அக்கா பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிரஷ்ஷோடு வந்து நின்றாள். பிறகு நுரையோடு உட்கார்ந்துவிட்டாள்.

கேள்வி 17-ஐ அவள் ஆறு முறை திருத்தியிருந்தாள். மூன்றாம் வரைவில் அது இப்படி இருந்தது: "எத்தனை விதமான மருந்துகள் சாப்பிடுகிறீர்கள்? யார் கொடுத்தது?" படிவம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்பதற்காக நான்காம் வரைவில் அதை வெட்டி, ஆம் இல்லை ஆக்கினாள். வரி அடங்கிவிட்டது. அறுபத்தாறு பேரின் தலைதான் அடங்கவில்லை.

[ஓரம்: தங்கை எதையுமே வெட்டுவதில்லை என்று அக்கா அடிக்கடி குறை சொல்வாள். அந்த வாரம் சொல்லவில்லை.]

5

இப்போது தையல்காரம்மா வரப்போகிறார். அவரைப் பற்றித் தங்கைக்கு ஒரு தயக்கம். அவர் நிஜமானவர்தான். ஆனால் கதையில் நம்ப முடியாதபடி இருக்கிறார். அந்தந்த வாரத்து மாத்திரைகளை அட்டையிலிருந்து எடுத்துப் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். வெள்ளைப் பொத்தான், ரோஸ் பொத்தான், வெள்ளை மாத்திரை, ரோஸ் மாத்திரை, எல்லாம் ஒரே டப்பா. இப்படி எழுதினால் எழுதுகிறவள் வேண்டுமென்றே சோடித்தாள் என்பீர்கள்.

தங்கை அதை மருந்துப் பெட்டி என்று மாற்றிப் பார்த்தாள். தையல்காரம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார், யார் வீட்டிலோ விருந்துக்கு வந்தவர்போல. மறுபடி பொத்தான் டப்பாவை வைத்தாள். உடனே அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

"ஒரு தடவை பொத்தானையே முழுங்கிட்டேன் டாக்டர். அன்னிக்குத்தான் தலையே சுத்தலை."

அக்கா சிரிக்கவில்லை. தங்கை சிரித்தாள். கொஞ்சம் தள்ளி நின்ற நர்ஸம்மா எதையோ ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

மறுநாளே மூவரும் போய் நின்ற கடை ஒன்றரை ஆள் நீளம், ஒரு ஆள் அகலம். மிஷின், மேசை, பாதி தைத்த சீருடைகள், பாலத்தில் ஆள் நடக்க நடக்கச் சுவரில் லேசாக ஆடும் அளவு நாடா. அக்கா இரண்டு மாத்திரை அட்டைகளையும் கேட்டாள். வெள்ளைக்கு இந்தப் பக்கத்து எழுத்து. ரோஸுக்கு அந்தப் பக்கத்து எழுத்து. பெரிதாக அச்சடித்தது கம்பெனி வைத்த பெயர். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உள்ளே இருக்கிற மருந்தின் பெயர் எறும்பு ஊர்ந்ததுபோல் ஓரத்தில்.

"தெரியலையே," என்றாள் அக்கா.

"இந்தாங்க." ஊசியில் நூல் கோக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியைத் தையல்காரம்மா எடுத்துக் கொடுத்தார்.

அக்கா கண்ணாடியை வெள்ளை அட்டைமேல் வைத்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். ரோஸ் அட்டைமேல் வைத்தாள். அந்தப் பக்கத்து எழுத்து நர்ஸம்மாவுக்குத்தான் தெரியும், அவர் குனிந்து படித்தார். ஒரே பெயர். ஒரே அளவு.

"ரெண்டும் ஒண்ணு," என்றாள் அக்கா. குரல் கீச்சென்று வந்தது. பதினெட்டு மாதம் அலைந்தவளின் குரல். "ரெண்டும் ஒரே மருந்துங்க! ஒண்ணு போட வேண்டிய இடத்துல நீங்க ரெண்டு போடுறீங்க. பிரஷர் ஒரேயடியா இறங்கிடுது. அதான் எழுந்தா சுத்துது!"

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டாள். அளவு நாடா ஆடியது. நர்ஸம்மாவும் சேர்ந்துகொள்ள, மூன்று பேரும் அந்தச் சின்னக் கடையில் சுற்றினார்கள், சுற்றிய சுற்றில் சீருடை அடுக்கு சரிந்து விழுந்தது. தையல்காரம்மா மட்டும் மிஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப எதை விடணும்?" என்றார்.

"எதை வேணும்னாலும் விடுங்க. ரெண்டும் ஒண்ணுதானே."

"உங்களுக்கு ஒண்ணு டாக்டர். எனக்கு எப்படி ஒண்ணாகும்?"

6

மகன் மாதம் ஒரு ஞாயிறு வருவான். வெள்ளை அட்டையை மிஷின்மேல் வைப்பான். அரை மணி நேரம் உட்கார்ந்து, "அங்கேர்ந்து வர்ற மருந்தெல்லாம் நம்பாதேம்மா, நம்ம டாக்டர்தான் கெட்டிக்காரர்," என்பான். பிறகு மிஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போவான். மகள் பாலம் கடக்கிற யாரிடமாவது ரோஸ் அட்டையைக் கொடுத்தனுப்புவாள். அதைச் சுற்றியிருக்கிற காகிதம் கடிதம். "உன் பிள்ளை வாங்கித் தர்றது சுண்ணாம்புக் கட்டிம்மா, இதைப் போடு," என்று தொடங்கி, பிள்ளைகளின் சேட்டை, வீட்டுக்காரரின் இருமல், புதுத் திரைச்சீலையின் நிறம் என்று அட்டையின் நீளத்துக்கு எழுதியிருப்பாள்.

"ரெண்டுக்கும் சின்ன வயசுலேர்ந்தே போட்டி," என்றார் தையல்காரம்மா. "எதுல தோத்தாலும் தாங்கிக்குவாங்க, என் விஷயத்துல தோத்தா தாங்க மாட்டாங்க. வெள்ளையை விட்டா அவன் மூஞ்சியை எப்படிப் பாப்பேன்? ரோஸை விட்டா அவ கடுதாசியை எதைச் சுத்தி அனுப்புவா?"

"வாங்கிக்குங்க, ஆனா போடாதீங்க," என்றாள் தங்கை. கதை எழுதுகிறவளுக்குப் பொய் சுலபம்.

"என் பிள்ளைங்களை உனக்குத் தெரியாது கண்ணு. அட்டையில எண்ணிப் பாப்பாங்க. பழைய அட்டையைத் திருப்பி அனுப்பச் சொல்லி அவளும் எண்ணுவா."

[ஓரம்: இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. எல்லைகளைப் பற்றி, அன்பைப் பற்றி, மிக ஆழமாக. தங்கை அதை எடுத்துவிட்டாள். தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக எதையோ வெட்டியிருக்கிறாள் என்பதைக் குறித்துக்கொள்ளவும்.]

7

ஆதாரம் மேடம் மூன்று வாரம் அவகாசம் கொடுத்தார். அக்காவும் நர்ஸம்மாவும் தலைசுற்றும் அறுபத்தாறு வீட்டுக்கும் மறுபடி போனார்கள். இந்த முறை கேள்வியே இல்லை. "வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையையும் கொண்டுவந்து மேசைமேல வைங்க," அவ்வளவுதான். மேசைகள் திருவிழா மைதானம் ஆயின. வெள்ளை, ரோஸ், மஞ்சள், ஒரு வீட்டில் மாட்டுக்கு வாங்கியது. நாற்பத்தொரு பேர் ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருபத்தைந்து பேருக்கு வேறு வேறு காரணம்.

மேடம் கணக்கைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாயிருக்கு," என்றார் மேடம்.

(அக்கா இதைத் தொலைபேசியில் சொன்னபோது நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டில் கதவைத் திறந்தார்கள். மன்னிக்கவும். தங்கை கத்திய கத்தில்.)

"அந்த நாப்பத்தொரு பேரும் இப்ப ஒண்ணை நிறுத்திட்டாங்களா?"

"நாப்பது பேர் நிறுத்திட்டாங்க மேடம். சுத்தலும் குறைஞ்சிருக்கு."

"மிச்சம் ஒருத்தர்?"

"அவங்க... நிறுத்திடுவாங்க மேடம்."

"ஆதாரம்?"

8

ஆக, நாற்பது பேரின் தலை நின்றது, ஒருவருடையது நிற்கவில்லை. முடிவு எழுத வேண்டும். தங்கை எழுதிப் பார்த்தவை:

மகனும் மகளும் பாலத்தின் நடுவில், சாவடிக்காரரின் மின்விசிறிக் காற்றில், சண்டையை விட்டுக் கட்டிக்கொள்கிறார்கள். காவலர் கண்ணைத் துடைக்கிறார். (அக்கா: "மகனுக்குப் பாலம்னாலே பயம். படிவம் பாரு.")

ஒரு செவ்வாய்க்கிழமை ஊரில் எல்லோருக்கும் தலை சுற்றுவது நின்றுபோகிறது. அன்றிலிருந்து ஊர்தான் அவர்களைச் சுற்றிச் சுற்றுகிறது. (அக்கா கையை நீட்டினாள். பேனாவைக் கேட்டாள். கொடுக்கவில்லை.)

தையல்காரம்மா மூன்றாவது முறை வி—

இதை முடிக்க மாட்டேன். நான்தான் சொல்கிறேன், தங்கை இல்லை.

அதனால் முடிவு உங்களிடம் வருகிறது. அக்காவுக்குத் தெரிந்த அத்தனையும் இப்போது உங்களுக்கும் தெரியும். ஒன்றே ஒன்று தவிர: போன சனிக்கிழமை கடையில் நடந்தது. அதையும் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறேன்.

9

அக்கா கோபமாகத்தான் போனாள். "இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு முடிவு தெரியாம வரமாட்டேன்." வாசலில் நர்ஸம்மா, ஓரத்தில் தங்கை.

தையல்காரம்மா எழுந்தார். எழுந்தவர் ஒரு கணம் மேசை விளிம்பைப் பிடித்துக் கண்ணை மூடி நின்றார். மூவரும் ஓர் எட்டு முன்னால் வைத்தார்கள். அவர் கண்ணைத் திறந்து, "ஒண்ணுமில்லை, பாலம் போயிட்டு வந்துச்சு," என்றார்.

"இதுக்கு மேல விளையாடக் கூடாதுங்க," என்றாள் அக்கா. "கத்திரியோட விழுந்தா என்னாகும்?"

"விளையாடலை டாக்டர். மூணு வாரமா யோசிச்சிட்டிருக்கேன். ஒரு சட்டைக்கு ரெண்டு பேர் துணி எடுத்துக் கொடுத்தா நான் என்ன செய்வேன்? ஒண்ணைத் திருப்பிக் கொடுப்பேனா? முன்பக்கம் ஒண்ணுல வெட்டுவேன், பின்பக்கம் ஒண்ணுல வெட்டுவேன்."

பொத்தான் டப்பாவைத் திறந்தார். விரலால் கிளறி ஒரு வெள்ளையை எடுத்தார், ஒரு ரோஸை எடுத்தார். நூல் கோக்கும் கண்ணாடியை அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கிப் பார்த்தாள். வெள்ளையின் நடுவில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது, உடைப்பதற்கென்றே போட்டதுபோல. ரோஸைத் திருப்பினாள். அதிலும் கோடு இருக்கிறதா என்று இன்னும் திருப்பினாள். வெளிச்சம் போதவில்லை, வாசலுக்கு வந்தாள்.

படிவத்தில் ஆம் இருந்தது, இல்லை இருந்தது. நர்ஸம்மா பேனாவை எடுத்துப் படிவத்தின் ஓரத்துக்குப் போனார். பாலத்தில் யாரோ நடந்தார்கள், அளவு நாடா ஆடியது.

"நீங்கதானே சொன்னீங்க ரெண்டும் ஒண்ணுன்னு," என்றார் தையல்காரம்மா. கையில் கத்திரி இருந்தது, கூர் கீழே பார்த்திருந்தது. "வெள்ளையில பாதி, ரோஸ்ல பாதி. அட்டையில ரெண்டும் குறையும், ரெண்டு பேரும் எண்ணிக்கட்டும். பாதி பாதியா போட்டுக்கறேனே டாக்டர்? சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."